வினாவும் ஏவலும்: மனமாற்றத்தின் அறம் பற்றிய ஒரு சிந்தனை

பிறரொருவரின் தீய பழக்கத்தை மாற்ற முயல்வது அறச்செயல் என்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. குடியை விடுமாறு வேண்டும் மனைவி, புகைத்தலை நிறுத்தச் சொல்லும் வைத்தியர், படிப்பில் கருத்தூன்றச் சொல்லும் ஆசிரியர் ஆகியோரின் நோக்கத்தை ஐயுறுவார் இலர். ஆயின், நோக்கம் நன்றாயிருப்பதனால் மட்டும் அதனை அடையும் வழியும் நன்றாகிவிடுமா என்பது வேறொரு கேள்வியாகும். தண்டித்துத் திருத்துதல், அச்சுறுத்தித் திருத்துதல், அறிவுரை கூறித் திருத்துதல் என நமது சமூகம் பயின்றுவந்த வழிகள் பல. இவற்றினின்றும் வேறுபட்டதாய், மாறவேண்டியவர் தாமே தமது வாயினால் மாற்றத்திற்கான நியாயங்களை எடுத்துரைக்கும் வண்ணம் உரையாடுகின்ற ஒரு முறை கடந்த நாற்பதாண்டுகளாக உளவளத்துணைத் துறையில் வளர்ந்துள்ளது. அம்முறை மனிதரின் சுயாதீனத்தை மதிக்கின்றதா, அன்றி அதனை நயமாகக் கவர்ந்துகொள்கின்றதா என்பதே இக்கட்டுரையின் வினா. மலையகத்தின் வட்டவளைப் பகுதியை நிலைக்களனாகக் கொண்டு இதனை நோக்குவோம். ஏவலே நெடுங்காலம் உரையாடலாக நிலவிய ஓர் உழைப்பமைப்பில் வைத்துப் பார்க்கும்போதுதான், ஒருவரை நோக்கி வினா எழுப்புதல் எத்துணைப் பாரதூரமான செயல் என்பது தெளிவாகும்.

தமிழிலக்கணம் இவ்வாராய்ச்சிக்கு ஓர் அரிய கருவியைத் தந்துள்ளது. நன்னூலார் வினாவை ஆறு வகையாகப் பகுத்தனர். மாணவனின் அறிவைச் சோதிக்க ஆசிரியர் கேட்பது அறிவினா. பொருள் விளங்காத மாணவன் ஆசிரியரிடம் கேட்பது அறியாவினா. கயிறோ பாம்போ என மயங்குவது ஐயவினா. கடைக்காரரிடம் பருப்பு உண்டா என்பது கொளல்வினா. குளிரில் நடுங்குபவரிடம் போர்வை இல்லையா எனக் கேட்டுக் கொடுக்க முனைவது கொடைவினா. அடுப்பு மூட்டினாயா எனக் கேட்டு மூட்டும்படி செய்விப்பது ஏவல்வினா. இப்பாகுபாடு வாக்கியத்தின் வடிவத்தைப் பற்றியதன்று. வினாவுபவரின் உள்ளக்கிடக்கையைப் பற்றியது. ஒரே வாக்கியம் ஒருவர் வாயில் அறியாவினாவாகவும் இன்னொருவர் வாயில் ஏவல்வினாவாகவும் அமையலாம். ஆகவே இலக்கணத்தார் கண்ட இவ்வேறுபாடு ஓர் அறவியல் வேறுபாடுமாகும். நாம் ஆராயப் புகுந்த உரையாடல் முறை வினாக்களாலேயே நடைபெறுவது. அவ்வினாக்கள் ஆறனுள் எவ்வகையைச் சார்ந்தவை என்பதைப் பொறுத்தே அதன் அறத்தகுதியும் அமையும்.

தமிழில் ஊக்க நேர்காணல் என வழங்கத்தக்க இம்முறையின் பிறப்பிடம் நோர்வே. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1982 ஆம் ஆண்டில் பேர்கன் நகரை அண்டிய ஒரு குடிநோய்ச் சிகிச்சை நிலையத்தில் தங்கியிருந்தார். அங்கிருந்த இளம் உளவியலாளர்கள் குடிப்பவராக நடித்து அவருடன் உரையாடினர். இடையிடையே அவரை நிறுத்தி, இவ்விடத்தில் ஏன் இந்த வினாவைக் கேட்டீர், அவர் சொன்னவற்றுள் ஏன் இதனை மட்டும் திருப்பிச் சொன்னீர் என வினவினர். தாம் அறியாமலே கைக்கொண்டுவந்த ஒழுங்கொன்றை மில்லர் அவ்வினாக்களினாலேயே கண்டுகொண்டார். ஆக, பிறரைத் தம் வாயாலேயே தம் நியாயங்களைக் கண்டுகொள்ளச் செய்யும் இம்முறை, அதனை ஆக்கியவர் அவ்வாறே தம்மைக் கண்டுகொண்டமையின் விளைவாகும். 1983 இல் அவர் இதுபற்றிய முதற் கட்டுரையை வெளியிட்டார். பின்னர் ஸ்டீபன் றொல்னிக் என்பாருடன் இணைந்து 1991 இல் எழுதிய நூல் இம்முறையை உலகெங்கும் பரப்பியது.

இதன் வேர் கார்ல் றொஜர்ஸ் என்னும் அமெரிக்க உளவியலாளரின் சிந்தனையில் உள்ளது. துணை நாடி வருபவரை நிபந்தனையின்றி ஏற்று, அவர் கூறுவதைக் கூர்ந்து செவிமடுத்தால் மாறும் ஆற்றல் அவருள்ளிருந்தே வெளிப்படும் என்பது றொஜர்ஸ் 1940களிலும் 1950களிலும் வகுத்த கொள்கை. மில்லர் அச்செவிமடுத்தலுக்கு ஒரு திசையைக் கொடுத்தார். குடிப்பவர் உள்ளத்தில் குடிக்கவேண்டும் என்ற விருப்பும் விடவேண்டும் என்ற விருப்பும் ஒருங்கே குடியிருக்கின்றன. பிறர் ஒருவர் விடும் பக்கத்தை எடுத்து வாதாடினால், அவர் இயல்பாகவே எஞ்சிய பக்கத்தைத் தாம் எடுத்துக்கொண்டு குடிப்பதற்கான நியாயங்களைச் சொல்லத் தொடங்குவார். சொல்லச் சொல்ல அந்நியாயங்கள் அவருக்கே உறுதிப்படும். எனவே உளவளத்துணையாளர் வாதாடுவதைத் தவிர்க்கின்றார். ஆம், இல்லை என்ற விடையுள் அடங்காத திறந்த வினாக்களைக் கேட்கின்றார். அவரிடமுள்ள நற்கூறுகளைக் கண்டு உரைக்கின்றார். அவர் கூறியதன் பொருளைத் திருப்பிச் சொல்கின்றார். இறுதியில் தொகுத்துக் கூறுகின்றார். மாற்றத்தை நாடும் சொற்கள் எங்கேனும் தலைகாட்டினால் அவற்றை விரித்துரைக்கத் தூண்டுகின்றார். அத்தகைய சொற்களை மாற்றப் பேச்சு என்றும், இருந்தபடியே இருப்பதற்கு நியாயம் கூறும் சொற்களை நிலைப் பேச்சு என்றும் நாம் வழங்கலாம்.

இம்முறையின் பயன் ஆய்வுகளுக்கும் உட்படுத்தப்பட்டது. 1993 இல் மில்லரும் அவருடன் பணியாற்றியோரும் வெளியிட்ட ஓர் ஆய்வில், உளவளத்துணையாளர் எவ்வளவுக்கு எதிர்வாதம் செய்தாரோ அவ்வளவுக்குத் துணை நாடி வந்தவர் ஓராண்டின் பின்னரும் மிகுதியாகக் குடித்தமை காணப்பட்டது. 1997 இல் முடிவுகள் வெளியான அமெரிக்கப் பேராய்வொன்றில் 1726 பேர் பங்குபற்றினர். ஊக்க நேர்காணலின் அடிப்படையில் அமைந்த நான்கு அமர்வுகள், வேறிரு முறைகளில் நிகழ்ந்த பன்னிரண்டு அமர்வுகளுக்குப் பெரும்பாலும் ஒப்பான பலனைத் தந்தன. பிற்கால ஆய்வுகள் இதன் விளைவு மிதமானதென்றும், நடத்துபவரின் தன்மையைப் பொறுத்துப் பெரிதும் வேறுபடுமென்றும் காட்டியுள்ளன. இஃது எல்லா நோய்க்கும் மருந்தன்று, ஆயினும் புறக்கணிக்கத்தக்கதுமன்று.

இவ்வுண்மையின் சாயல் தமிழருக்குப் புதியதன்று. திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரத்து இறுதி இரு குறள்களும் இங்கு ஒருங்குவைத்து நோக்கற்பாலன. முன்னையது, குடித்து மயங்கியவனுக்குக் காரணம் காட்டித் தெளிவிக்க முயல்வது, நீருள் மூழ்கியவனைத் தீவிளக்குக் கொண்டு தேடுவது போன்றது என்ற கருத்தினது. அதாவது, அறிவுரை செல்லாத இடம் ஒன்றுண்டு என வள்ளுவர் ஒப்புக்கொள்கின்றார். ஆயினும் அதிகாரத்தை அவ்வளவில் முடித்துவிடவில்லை. குடிப்பவன் தான் குடியாதிருக்கும் வேளையில், குடித்த வேறொருவனைக் காணும்போது தன் சோர்வை நினைத்துப் பாரானோ என்பது பின்னைய குறளின் கருத்து. ஒன்பது குறள்களில் இடித்துரைத்த புலவர் பத்தாவதில் ஒரு வினாவோடு விலகிக்கொள்கின்றார். விடையைக் குடிப்பவன்தான் காணவேண்டும். அதுவும் தெளிந்திருக்கும் வேளையிலே காணவேண்டும். தான் வாழ விரும்பும் வாழ்வுக்கும் வாழ்ந்துகொண்டிருக்கும் வாழ்வுக்கும் இடையேயுள்ள முரணை ஒருவர் தாமே காணுமாறு செய்வதையே ஊக்க நேர்காணலும் நாடுகின்றது.

இனி, இம்முறை எத்தகைய மண்ணில் நின்று பேசவேண்டியுள்ளது என்பதை நோக்குவோம். வட்டவளை, கொழும்பு–பதுளைப் புகையிரதப் பாதையில் நாவலப்பிட்டிக்கும் ஹட்டனுக்கும் இடையே அமைந்தது. இலங்கையில் மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்று. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நனைந்த உடையோடு மலையேறிக் கொழுந்தெடுப்பதும், கவ்வாத்து வெட்டுவதும், கான் வெட்டுவதும் இங்கு நாளாந்த நிகழ்ச்சிகள். வேலை முடித்துத் திரும்பும் இடம் பலருக்கு இன்றும் லயக் காம்பிராவே. அவ்வாறான வாழ்வில் சாராயமும் கசிப்பும் உடல்வலியை மறக்கச் செய்யும் பொருள்களாய், கூட்டுக்குரிய காரணமாய், சம்பள நாளின் அடையாளமாய் நிலைபெற்றன. பிரித்தானிய ஆட்சியாளர் சாராயம் விற்கும் உரிமையை ஏலத்தில் விட்டு வருவாய் ஈட்டினர். 1912 ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டம் அவ்வமைப்பை மாற்றியதேயன்றி, அரசுக்கும் மதுவுக்கும் இருந்த வருவாய் உறவை அறுக்கவில்லை. இன்றும் மதுவரி அரசின் முக்கிய வருவாய்களுள் ஒன்று. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் புகையிலை, மதுசாரம் தொடர்பான தேசிய அதிகாரசபையை நிறுவி, மது விளம்பரங்களையும் இருபத்தொரு வயதிற்குட்பட்டோர்க்கு மது விற்பதையும் தடைசெய்தது. அக்காலத்திலேயே மதுவுக்கு முற்றுப்புள்ளி என்ற முழக்கமும் நாடெங்கும் ஒலித்தது. ஒரு கையால் விற்று மறு கையால் விலக்கும் அரசின் குரல் தொழிலாளியின் செவியில் எவ்வாறு ஒலித்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

இதனினும் ஆழமான செய்தி ஒன்றுண்டு. தோட்டத் தொழிலாளியை நோக்கி வரலாறு பேசிய பேச்சு பெரும்பாலும் ஏவலாகவே இருந்தது. விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் துரையும் கணக்கப்பிள்ளையும் கங்காணியும் பேசியது ஏவல் மொழி. ‘நேற்று ஏன் வேலைக்கு வரவில்லை?’ என்று அங்கு கேட்கப்படும்போது காரணத்தை அறியும் ஆவல் அவ்வினாவில் இல்லை. விடை எதுவாயினும் பேர் வெட்டப்படும். 1921 இல் ஒழிக்கப்படும் வரை நிலவிய துண்டு முறையில், தொழிலாளியின் கடனைக் குறித்த ஒரு சீட்டே அவர் எத்தோட்டத்திற்குச் செல்லலாம் என்பதை அவருக்காகப் பேசியது. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 இல் இரு நாட்டுப் பிரதமர்கள் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் தீர்மானிக்க விட்டபோதும் அம்மக்களைக் கலந்தாலோசிக்கவில்லை. 1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றது. எம்மாற்றத்தின்போதும், உங்களுக்கு எது வேண்டும் என்ற அறியாவினா அவர்களை நோக்கி எழுந்ததில்லை. இத்தகைய வரலாறுடைய ஒருவரிடம் சென்று, அவர் விடைக்காகக் காத்திருந்து ஒரு வினா கேட்பதே பெரியதொரு செயலாகும். அவ்வினா மாறுவேடமிட்ட ஏவலாயின் அஃது இரட்டிப்புத் தீங்காகும்.

முறை செயற்படும் விதத்தை ஒரு கற்பனை உரையாடலால் விளக்குவோம். குடியினால் வேலைநாள்களை இழந்துவரும் நாற்பது வயதுத் தொழிலாளி ஒருவரைத் தமிழ் இளைஞரான உளவளத்துணை உத்தியோகத்தர் சந்திக்கின்றார் எனக் கொள்வோம். வழமையான பேச்சு இவ்வாறு அமையும்.

“ஏண்ணே குடிக்கிறீங்க? புள்ளைங்க படிப்பு கெட்டுப்போகுதில்ல?”

“எல்லாருந்தான் குடிக்கிறாங்க தம்பி. மழையில நனஞ்சு வந்தா ஒடம்பு வலி தாங்கல. கொஞ்சம் போட்டாத்தான் தூக்கம் வருது.”

வினா வடிவிலிருந்த கண்டனம் குடிக்கான நியாயங்களையே அவர் வாயிலிருந்து வருவித்தது. அதே செய்தியை வேறு விதமாக அணுகினால் பேச்சு இவ்வாறு செல்லக்கூடும்.

“மழையில நனஞ்ச ஒடம்புக்கு அது ஒரு சொகமாத்தான் இருக்கு. அதே குடியால ஒங்க மனசுக்கு ஒப்பாத விசயம் ஏதாச்சும் இருக்காண்ணே?”

“இருக்குதான். சம்பளத்தன்னைக்கி மக வாசல்லயே நிப்பா தம்பி. என் மொகத்தப் பாக்க மாட்டா, கையத்தான் பாப்பா.”

“அவ அப்பிடி நிக்கிறது ஒங்களுக்குத் தாங்கல.”

“அந்தப் புள்ளைக்கி அந்தப் பயம் இருக்கக்கூடாது.”

இறுதி வாக்கியத்தை எவரும் அவருக்குக் கற்பிக்கவில்லை. உத்தியோகத்தர் அதனை ஒரு சுவரொட்டியிலிருந்து படித்துக் காட்டியிருந்தால் அஃது அவரைத் தொட்டிருக்காது. அவருடைய மகளைப் பற்றிய அவருடைய சொல் என்பதனாலேயே அதற்கு ஆற்றல் உண்டாகின்றது. இம்முறையின் மேன்மை இதுவே.

இதன்மேல் எழும் முதலாவது தடை, இது வஞ்சகமாகாதா என்பது. மனிதர் தம் மனப்பாங்கைத் தம் சொல்லையும் செயலையும் பார்த்தே அறிந்துகொள்கின்றனர் என்ற கொள்கையை டாரில் பெம் என்ற உளவியலாளர் 1972 இல் விரித்துரைத்தார். அவ்வாறாயின், எச்சொல்லைத் திருப்பிச் சொல்வது, எதனைக் கேளாததுபோல் விடுவது என்பதைத் தெரிவு செய்பவர், மற்றவரின் மனப்பாங்கையே ஆக்குகின்றார் என்றாகிறது. விற்பனையாளரும் இதனையே செய்கின்றனர். பொருளை வாங்குவது தம் சொந்த முடிவே என எண்ணியபடி நாம் பணத்தைக் கொடுத்துவிட்டு வருகின்றோம். மில்லரும் இவ்வினாவைத் தட்டிக்கழிக்கவில்லை. 1994 இல் இம்முறையின் ஒழுக்கவியல் பற்றியே தனிக் கட்டுரை எழுதினார்.

இத்தடைக்கு விடைகாண இம்மானுவேல் காண்ட் என்னும் ஜேர்மன் மெய்யியலாளர் 1795 இல் அரசியல் நீதி பற்றி வகுத்த ஓர் அளவுகோல் துணைசெய்யும். பிறருடைய உரிமையைத் தொடும் ஒரு செயலின் அடிப்படை, வெளிப்படையாகச் சொல்லப்பட்டால் நிலைக்கமாட்டாது எனின், அச்செயல் அநீதியானது என்பது அதன் சாரம். இதனை நம் வினாவுக்குப் பொருத்திப் பார்ப்போம். ‘அண்ணே, நீங்கள் குடியைக் குறைத்தால் நல்லது என்பது என் எண்ணம். ஆனால் முடிவு உங்களுடையது. உங்கள் காரணங்களை நீங்களே சொல்லிக் கேட்டால் தெளிவு பிறக்கும் என்பதால்தான் இவ்வாறு கேட்கின்றேன்’ என உத்தியோகத்தர் முன்கூட்டியே சொல்லிவிட்டால் உரையாடல் கெட்டுவிடுமா? கெடாது என்றே தோன்றுகின்றது. மகள் வாசலில் நிற்பது பற்றிய உண்மை அதனால் மறையப்போவதில்லை. விற்பனையாளரோ தமது உத்தியை வெளிப்படுத்திய கணத்தில் வாடிக்கையாளரை இழந்துவிடுவார். எனவே, நோக்கத்தை மறையாது கூறுதலும், வேண்டாம் என்ற விடைக்கு உண்மையாகவே இடமளித்தலும் உள்ளவிடத்து இம்முறை வஞ்சகமாகாது. இவை இல்லாதவிடத்து, எத்துணை இனிமையாகப் பேசினும் அஃது ஏவல்வினாவே.

இரண்டாவது தடை மேலும் கடினமானது. மாற்றப் பேச்சை வளர்த்து நிலைப் பேச்சை வலுவிழக்கச் செய்யுமாறு உளவளத்துணையாளர் பயிற்றப்படுகின்றார். ஆனால் அந்தத் தொழிலாளி சொன்ன நிலைப் பேச்சை மீண்டும் கேட்டுப் பாருங்கள். மழை, நனைந்த உடை, உடல்வலி, தூக்கமின்மை என அவர் அடுக்கியவற்றை மாற்றத்துக்கு எதிரான சாக்குகள் என்று தள்ளிவிட முடியாது. அவை ஓர் உழைப்பமைப்பைப் பற்றிய சாட்சியங்களுமாகும். பல தலைமுறையினர் ஒரு காம்பிராவில் வாழ்வதும், கடன் தீராமையும், உழைப்புக்கேற்ற கூலி கிட்டாமையும் அவர் வாயிலிருந்து வரும்போது, அவற்றை மெல்லக் கடந்து மகளைப் பற்றிய சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ளும் கேள்வியாளர் பாதியைத்தான் கேட்டவராகின்றார். மாற்றத்தின் முழுப் பொறுப்பும் அவ்வாறு தனிமனிதர் தலையில் இறங்கிவிடுகின்றது. மதுவை விற்று வருவாய் பெறும் அரசும் லயத்தை லயமாகவே வைத்திருக்கும் நிர்வாகமும் அவ்வுரையாடலின் வெளியே சுகமாக அமர்ந்திருக்கும்.

கேள்வியாளர் யார் சார்பில் கேட்கின்றார் என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. வேலைக்கு வருவோர் தொகையைக் கூட்டும் பொருட்டு ஒரு தோட்ட நிர்வாகம் அவரை அனுப்பியிருக்குமாயின், அவர் வினாவின் பின்னே பிரட்டுக்களம் நிற்கின்றது. மற்றவரின் நலத்தோடு முரணும் ஒரு விளைவில் தமக்கோ தம் நிறுவனத்துக்கோ பங்குள்ளவர் இம்முறையைக் கையாளலாகாது என மில்லரும் றொல்னிக்கும் எச்சரித்துள்ளனர். அவ்வெச்சரிக்கை பெருந்தோட்டச் சூழலில் பெரிதும் பொருந்தும். குடியை விடுவது தொழிலாளிக்கும் நன்று, நிர்வாகத்துக்கும் நன்று எனக் கூறி இம்முரணை மூடிவிட முடியாது. குடியை விட்டுத் தெளிந்தவர் தம் கூலியைப் பற்றியும் கேட்கத் தொடங்கலாம். அக்கேள்வியையும் வரவேற்கும் ஆயத்தம் உள்ளவரே அவரிடம் முதல் வினாவைக் கேட்கும் தகுதியுடையவர்.

மூன்றாவது தடை வீட்டினுள்ளிருந்து எழுகின்றது. குடிப்பவரின் சுயாதீனத்தை மதித்து நாம் பொறுமையோடு வினவிக்கொண்டிருக்கும் காலத்தில் அவர் மனைவி என்ன செய்வார்? பெருந்தோட்டப் பெண் தொழிலாளர் பற்றி றேச்சல் குரியன் 1982 இல் எழுதிய ஆய்வு, கொழுந்தெடுத்துப் பெண் ஈட்டிய கூலியைக் கணவரோ தந்தையோ பெற்றுக்கொள்ளும் வழக்கத்தைப் பதிவுசெய்தது. தாம் உழைத்த பணம் தவறணைக்குச் செல்வதைப் பார்த்திருக்கும் பெண்ணிடம், அவர் தாமே உணரும்வரை பொறுத்திரு என்று சொல்வது எந்த அறம்? இங்கு ஓர் எல்லையை வகுத்தாகவேண்டும். தம் உடலைப் பற்றிய முடிவு ஒருவருக்கு உரியது. பிறருடைய உடலின்மீதும் உழைப்பின்மீதும் அவருக்கு அவ்வுரிமை இல்லை. அடித்தலைப் பற்றித் திறந்த வினா எழுப்பவேண்டிய தேவை இல்லை. அதற்கென 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் உண்டு. அங்கே வேண்டுவது வினாவன்று, விலக்கே. அவ்வாறே, நெடுநாள் மிகுதியாகக் குடித்த ஒருவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் உண்டாகி உயிருக்கே ஆபத்து நேரலாம் என்பதை வைத்தியர் நேராகச் சொல்லியே ஆகவேண்டும். அறிவுரைக்கும் அறிவிப்புக்கும் உரிய இடங்களை வினா பறித்துக்கொள்ளலாகாது.

வினாமைக்கும் வெளிப்படையாய் உரைத்தலுக்கும் உரிய இடங்களைச் சிலப்பதிகாரம் நுட்பமாகக் காட்டுகின்றது. கனாத்திறமுரைத்த காதையில், மாதவியைப் பிரிந்து வீடு திரும்பிய கோவலன்மீது கண்ணகி ஒரு குற்றமும் சாற்றவில்லை. முன்னோர் ஈட்டிய செல்வத்தைத் தொலைத்து வறுமையுற்றமை தனக்கு நாணந் தருவதாக அவனே சொல்கின்றான். அவள் தன் சிலம்பு இருப்பதை மட்டும் கூறுகின்றாள். அதனை முதலாகக் கொண்டு மதுரையில் இழந்த பொருளை ஈட்டும் முடிவு அவன் வாயிலிருந்தே பிறக்கின்றது. ஆயின் கண்ணகி என்றென்றைக்கும் வாய்மூடியிருந்தவள் அல்லள். கொலைக்களக் காதையில், தன் செயல்களை எண்ணிக் கோவலன் இரங்கும்போது, அவனது ஒழுக்கம் போற்றத்தக்கதாக இருந்ததில்லை என்பதை அவள் தயங்காது கூறிவிடுகின்றாள். அவன் தன்னைத் தானே கண்டபின் அவ்வுண்மையைத் தாங்கும் வலுவும் அவனிடம் இருந்தது. ஏற்றுக்கொள்ளுதல் உண்மையை மறைத்தலாகாது என்பதை இக்காட்சி உணர்த்துகின்றது. பாதிக்கப்பட்டவருக்கும் பேசும் உரிமை உண்டு என்பதையும் அதுவே உணர்த்துகின்றது.

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படும் முடிவு யாதெனின், ஒருவரைத் தம் மாற்றத்தைத் தாமே பேசச்செய்தல் இயல்பாகவே நல்லதுமன்று, இயல்பாகவே வஞ்சகமுமன்று. வினாவுபவர் தம் நோக்கத்தை மறையாதிருத்தல் வேண்டும். வேண்டாம் என்ற விடைக்காக எவரும் தண்டிக்கப்படாதிருத்தல் வேண்டும். எதிர்பாராத விடை வந்தாலும் அதற்குக் கேட்டவர் கடமைப்படுதல் வேண்டும். முதலிரு நிபந்தனைகளை மேனாட்டு நூல்களும் வற்புறுத்துகின்றன. மூன்றாவதே வட்டவளை போன்ற இடங்களிலிருந்து அந்நூல்களுக்கு நாம் சேர்க்கவேண்டிய நிபந்தனை. மகளின் அச்சத்தைப் பற்றிக் கேட்டறிந்தவர், ஒழுகும் கூரையைப் பற்றியும் கேட்டறிந்துவிட்டார். முன்னையதைத் தொழிலாளியின் பொறுப்பாக்கிப் பின்னையதை அறிக்கையில் எழுதாது விடுவாராயின், அவர் வினா மீண்டும் ஏவலாகிவிடுகின்றது.

இச்செய்தி பல்கலைக்கழக மாணவராகிய நமக்கும் உரியது. சமூக சேவைக்கெனத் தோட்டங்களுக்குச் செல்வோர் நம்மிடையே உண்டு. நாளை உளவளத்துணையாளராகவும் வைத்தியராகவும் ஆசிரியராகவும் நிர்வாகிகளாகவும் அங்கு செல்லவிருப்போரும் உண்டு. அறிவுரைகளைச் சுமந்து செல்வது எளிது. வினாவோடு செல்வது கடினம். ஏனெனில் விடையைச் சுமந்துகொண்டு திரும்பவேண்டியிருக்கும். வினாவுதலுக்கும் செவிமடுத்தலுக்கும் தமிழில் கேட்டல் என்ற ஒரே சொல் வழங்குவது கருதத்தக்கது. செவிமடுக்கும் மனமின்றி வினாவுபவர் அச்சொல்லின் ஒரு பாதியையே அறிந்தவர். இருநூறு ஆண்டுகளாக மலையக மக்கள் நம் நாட்டில் உழைத்துவருகின்றனர். அவர்களிடம் குடியைப் பற்றிக் கேட்பதாயினும் கூலியைப் பற்றிக் கேட்பதாயினும், அச்சொல்லின் இரு பொருளும் நிறைவுறக் கேட்பதே நாம் அவர்களுக்குச் செய்யவேண்டிய முதற்கடன்.